பேயைப் பேயாக விடுங்கள்

ஆவிகளை மனநோயாகவும் உருவகமாகவும் கரைத்துவிடும் கதைகளுக்கு நடுவே, செத்தவர்களை நேரே பேசவிடும் நாவல்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை விடாமல் தேடிப் படிக்கும் ஒரு வாசகரின் கட்டுரை இது.

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் ஒரு புளியமரம் இருந்தது. அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு ஆணிகள். சில ஆணிகளில் கொத்து முடி சுற்றியிருக்கும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து அந்த முடி செம்பட்டையாகிப் போயிருக்கும். ஆணியின் துரு பட்டையில் கசிந்து கோடு கோடாக இறங்கியிருக்கும். பேய் பிடித்தவர்களைக் கோடாங்கி அங்கே கூட்டிவந்து, உச்சி முடியைக் கற்றையாக மரத்தில் வைத்து ஆணி அறைந்து, முடியை அறுத்துவிடுவார். பேய் மரத்தோடு நின்றுவிடும். ஆள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏழெட்டு வயதில் ஒருநாள் அதில் ஓர் ஆணியைத் தொடப்போனேன். ஆச்சி கையைத் தட்டிவிட்டாள். "ஏல, அதத் தொடாத. அதுல இருக்கது நம்ம தெருப் பிள்ள" என்றாள். பிறகு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். அவள் யார் மகள், எந்தக் கிணற்றில் கிடந்தாள், யார் தள்ளியதாக ஊர் பேசிக்கொண்டது, போலீஸ் வந்து என்ன எழுதிக்கொண்டு போனது எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் இறைக்கப் போனவள் கால் தவறி விழுந்ததாக எழுதினார்களாம். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மரம்தான் அவளுடைய பதிவேடு.

2023-ல் வெளிவந்த 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலைத் திறந்ததும் அந்தப் புளியமரம் கண்முன் வந்து நின்றது. குழந்தை பிறந்த கையோடு தாய் ஒரு பெரிய பித்தளை ஆணியை எடுத்து, பிள்ளையின் நிழலைத் தரையோடு அறைந்து, பிய்த்து எடுத்துவிடுகிறாள். நிழல் போன பிள்ளையின் உடம்பு தரையில் நிற்பதில்லை, மிதக்கிறது. எழுதியவர் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர. அவருடைய முதல் நாவல் இது. மறு ஆண்டே நெபுலா விருது பெற்றது. அன்று இரவு புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஆணி அறைந்தால் உயிரின் ஒரு பங்கு பிரிந்து நிற்கும் என்பதற்கு அவர் ஒரு விளக்கமும் தரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தார். என் ஆச்சி சொன்ன மாதிரியே.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்தில் இந்த நாவலைப் பற்றியும் இதுபோன்ற வேறு சிலவற்றைப் பற்றியும் பேசினேன். முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள். "சார், இந்தக் கதைங்கள்ல வர்ற பேய் நெஜமாவே பேய் இல்லதானே? அந்தக் கேரக்டரோட டிப்ரஷன்தானே?"

நன்றாகப் படிக்கிற பெண். அவள் மேல் குறையில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகங்களும் படங்களும் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. 2014-ல் வந்த 'தி பாபடூக்' என்ற ஆஸ்திரேலியப் படத்தில் கணவனை இழந்த பெண்ணின் துக்கமே பூதமாகி வீட்டுக்குள் குடியேறியது. நல்ல படம். ஆனால் அதே அச்சில் வார்த்தவை அதன் பிறகு வரிசையாக வரத் தொடங்கின. முதல் அத்தியாயத்தில் வரும் பேய், கடைசி அத்தியாயத்தில் சிறுவயதுக் காயமாகவோ குற்ற உணர்வாகவோ குடிப்பழக்கமாகவோ மாறிவிடும். கதாநாயகி அழுது தீர்ப்பாள். மறுநாள் காலை வெயில் ஜன்னலில் விழும்.

அன்று அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பேயை மனதுக்குள் கரைத்துவிட்டால் அதனால் யாருக்கு லாபம்? கிணற்றில் கிடந்த பெண் பேயாக வந்தால், என்னைத் தள்ளியது யார் என்று கேட்பாள். அவளை மற்றவர்களின் துக்கமாக மாற்றிவிட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. இந்தத் துக்கத்திலிருந்து நாம் எப்படி மீள்வது என்று ஆகிவிடுகிறது. கதை முழுக்க உயிரோடு இருப்பவர்களுடைய கதையாகிவிடுகிறது. செத்தவள் போட்ட வழக்கு தள்ளுபடியாகிவிடுகிறது. அண்மைக் காலத் திகில் நாவல்களிலும் மாயக்கதைகளிலும் என் மனதில் நின்றவை எல்லாம் இந்தத் தள்ளுபடிக்கு ஒப்புக்கொள்ளாதவை.

பெயர் சொன்னால் வரும்

ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா' 2022-ல் புக்கர் பரிசு பெற்றது. முதலில் 2020-ல் 'சாட்ஸ் வித் தி டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்த நாவல் அது. இலங்கை அரசியலும் அங்குள்ள யக்கு என்னும் பிசாசுகளின் கதைகளும் பிரேதக் கதைகளும் தெரியாத வாசகர்களுக்கும் புரியும்படி மீண்டும் மீண்டும் திருத்தி எழுதி, புதுப் பெயரோடு வெளியிட்டார்.

1990-ம் ஆண்டு கொழும்பு. போர்க்களப் புகைப்படக்காரன் மாலி அல்மெய்தா செத்துப்போயிருக்கிறான். கண் விழிக்கும் இடம் நரகமும் இல்லை, சொர்க்கமும் இல்லை. கவுன்டரும் வரிசையும் கூச்சலுமாக ஓர் அரசாங்க அலுவலகம். வெட்டுப்பட்டவர்களும் குண்டில் சிதறியவர்களும் அதே கோலத்தில் முட்டிமோதிக்கொண்டு நிற்கிறார்கள். அவனுக்கு ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள் அவகாசம். அதற்குள் தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் அவன் ஒளித்துவைத்த படங்கள், 1983 ஜூலைக் கலவரத்தில் எடுத்தவை உட்பட, வெளியே வரச் செய்ய வேண்டும்.

இந்த நாவலில் ஆவிகள் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. அவற்றின் உடம்பு எங்கெல்லாம் போனதோ அங்கே போகலாம். யாராவது அவற்றின் பெயரைச் சொன்னால் அந்த இடத்துக்குப் போகலாம். அவ்வளவுதான். தன் சடலத்தைக் கூலிக்கு வந்த ஆட்கள் பெய்ரா ஏரியில் போடுவதை மாலி பக்கத்தில் நின்று பார்க்கிறான். அவர்களுக்கு அது அன்றைய வேலை. முனகிக்கொண்டே செய்கிறார்கள். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு ஊருக்குள் எங்கோ அவனுடைய அம்மாவோ தோழியோ அவன் பெயரை உச்சரிக்க, அடுத்த நொடி அங்கே இருக்கிறான்.

படித்துக்கொண்டிருந்தவன் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. மடியில் பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடம் பெயரையும் பிடித்துக்கொண்டு போன தேதியையும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கருணாதிலகவின் விதிப்படி, அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து நின்றிருப்பார்கள்.

நாவலில் குறைகளும் இருக்கின்றன. நடுப்பகுதியில் அமைச்சர்கள், புரோக்கர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று ஆட்கள் குவிந்து, யார் யாருக்கு ஆள் என்பது குழம்பிவிடுகிறது. கேலிப் பேச்சு சில இடங்களில் சாவின் கனத்தைக் குறைக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் 1989-ல் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜனி திராணகமவை நினைவுபடுத்தும் டாக்டர் ராணி அந்த ஆவி அலுவலகத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் எல்லாக் குறைகளையும் மறந்துவிட்டேன். புக்கர் மேடையில் ஆசிரியர் ஓர் ஆசையைச் சொன்னார். இன்னும் பத்தாண்டு கழித்து இந்தப் புத்தகத்தை யாரும் நடந்த கதை என்றோ அரசியல் நையாண்டி என்றோ நினைக்கக் கூடாது. டிராகன் கதைகளுக்குப் பக்கத்தில், மாயக்கதை அலமாரியில் அது இருக்க வேண்டும் என்றார். அப்படி ஒரு இலங்கை வர வேண்டும் என்பது அதன் பொருள்.

சந்திரசேகரவின் நாவலை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் இலங்கை என்ற பெயரே கிடையாது. லூரியாத் என்ற கற்பனை நகரம். அங்கே தெருவெங்கும் பளிச்சென்று வண்ணம் பூசிய, திறக்காத கதவுகள். நெடுநாள் மூடிக்கிடக்கும் கதவு அப்படி ஆகிவிடலாம். பின்னால் போய்ப் பார்த்தால் சுவர்தான், மறுபுறம் என்று ஒன்றே இல்லை. கதாநாயகன் பெயர் ஃபெட்டர், அதாவது தளை. புத்தரின் மகன் ராகுலன் பெயருக்கும் தளை என்றுதான் பொருள் சொல்வார்கள். மதத்தலைவனான தன் அப்பனைக் கொல்வதற்காகவே தாயால் வளர்க்கப்பட்டவன் அவன். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத பிசாசுகள் அவனுக்குத் தெரியும். நகரத்தில் கொள்ளைநோய்க்கும் கலவரத்துக்கும் முடிவே இல்லை. மக்களைச் சாதி வாரியாகவும் இன வாரியாகவும் பிரித்து எழுதிவைத்திருக்கும் படிவங்கள், அடைத்துவைக்கும் முகாம்கள். பிசாசுகளைவிட அந்தப் படிவங்கள்தான் என்னை நடுங்கவைத்தன. சிங்களப் பௌத்தப் பெரும்பான்மையின் கதையை அதன் உள்ளேயிருந்தே ஒருவர் ஆணியால் பிய்த்து எடுத்திருக்கிறார். முடிவு மட்டும் அவசரம். இன்னும் ஐம்பது பக்கம் எழுதியிருக்கலாம்.

கொல்லையில் கிடைத்த எலும்பு

அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸை எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சிபாரிசு செய்துகொண்டே இருக்கிறேன். 1973-ல் பிறந்தவர். 1976-ல் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் கைக்குழந்தையாக இருந்து எழுந்து நடக்கத் தொடங்கிய வயது. 1983 வரை அந்த ஆட்சி நடந்தது. பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் போனவர்களில் 8,961 பேரை அரசு அமைத்த விசாரணைக் குழு 1984-ல் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு 30,000. இரண்டு எண்களுக்கும் இடையிலிருக்கும் அந்த இருபதாயிரத்துச் சொச்சம் பேர் எங்கே? என்ரிக்கெஸின் கதைகள் எல்லாம் அந்த இடைவெளியில் நடப்பவை.

'தி டேஞ்சர்ஸ் ஆஃப் ஸ்மோக்கிங் இன் பெட்' தொகுப்பின் முதல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி வீட்டுக் கொல்லையைத் தோண்டுகிறாள். சின்னச் சின்ன எலும்புகள் கிடைக்கின்றன. கோழி எலும்பு என்கிறார் அப்பா. பாட்டி மட்டும் அலறுகிறாள். அவளுடைய தங்கை, சில மாதக் குழந்தையாக இருந்தபோது செத்து, அங்கே புதைக்கப்பட்டவள். ஆண்டுகள் ஓடுகின்றன. சிறுமி வளர்ந்து தனியாகக் குடியிருக்கிறாள். ஒருநாள் அந்தக் குழந்தை வந்துவிடுகிறது. வெள்ளைச் சேலையும் சலங்கையும் கிடையாது. அழுகிய உடம்போடு, பேசத் தெரியாமல், போகிற இடமெல்லாம் பின்னாலேயே நடக்கிறது. இவள் பயப்படுகிறாள், எரிச்சல்படுகிறாள், பிறகு பழகிவிடுகிறாள். குழந்தை எதற்காக வந்திருக்கிறது என்பதும் மெல்லப் புரிகிறது. அதன் எலும்புகளை அங்கேயிருந்து எடுத்துவிட்டார்கள். அது எலும்பைக் கேட்கிறது. இருவரும் பழைய வீட்டைத் தேடிப் போனால், கொல்லையில் இப்போது நீச்சல்குளம்.

அந்தக் குழந்தையை யாருடைய டிப்ரஷன் என்று சொல்வது? அது நடக்கிறது. அதன் கால் தேய்கிறது. காணாமல் போனவர்களின் எலும்புகளை இன்றைக்கும் மண்ணில் தேடிக்கொண்டிருக்கும் நாட்டில், ஒரு குழந்தை தன் எலும்பைக் கேட்டு வந்து நிற்கிறது. ராணுவத்தைப் பற்றி ஒரு வரி அந்தக் கதையில் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

அவருடைய பெரிய நாவல் 2019-ல் ஸ்பானிஷில் வந்து எர்ரால்டே பரிசு பெற்றது. மேகன் மெக்டவல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் பெயர் 'அவர் ஷேர் ஆஃப் நைட்'. 1981-ம் ஆண்டுக் கோடையில் ஓர் அப்பனும் சின்னப் பையனும் காரில் வடக்கே போகிறார்கள். அப்பன் ஹுவானுக்கு இதய நோய். மார்பில் நீளத் தழும்பு. இருட்டை வரவழைக்கத் தெரிந்தவன் அவன். இருட்டு என்றால் வெளிச்சம் இல்லாத இடம் என்று நினைக்க வேண்டாம். அது வாயுள்ள ஒன்று. வந்தால் நிற்பவர்களின் விரலையும் கையையும் கடித்து எடுத்துக்கொண்டு போய்விடும். தேநீர் போலக் குடிக்கும் எர்பா மாத்தே இலைத் தோட்டங்களால் கொழுத்த பணக்காரக் குடும்பங்கள் சாகாவரத்துக்காக அதைக் கும்பிடுகின்றன. அதற்குப் பலி கொடுக்க ஆள் வேண்டும். ஊரெங்கும் ராணுவமே ஆளைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் தூக்குகிற ஆளை யார் எண்ணப்போகிறார்கள்? இந்தக் கணக்கைப் படித்தபோது உடம்பு சில்லிட்டது.

நடுவில் லண்டன் போகும் பகுதி இழுக்கிறது. அந்த இசைக்கூடங்களும் விருந்துகளும் இல்லாமலே கதை நின்றிருக்கும். ஆனால் ஒற்றைக் கையுள்ள சிறுமி அதேலா நண்பர்களோடு ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகும் இடத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வீடு. உள்ளே அறைகள் முடியவே இல்லை. ஒரு கதவைத் திறந்து உள்ளே போனவள் திரும்பவில்லை. வீட்டை இடித்துப் பார்த்தாலும் அந்த அறை இருக்காது என்பது படிக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்த ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸும் இந்த வழியில்தான் போகிறார். 2025-ல் வந்த 'தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்' ஒரு ரத்தக்காட்டேரிக் கதை. 1870 ஜனவரி 23 அன்று மொன்டானாவில் மரியாஸ் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவம் பிளாக்ஃபீட் முகாம் ஒன்றைச் சுட்டுத் தள்ளியது. செத்தவர்கள் 200 பேர் வரை. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1912-ல் ஒரு லூத்தரன் பாதிரியாரிடம் குட் ஸ்டாப் என்ற பழங்குடி மனிதன் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் வந்து உட்கார்ந்து பேசத் தொடங்குகிறான். அந்த நாட்குறிப்பு நூறாண்டு கழித்து ஒரு சுவருக்குள்ளிருந்து கிடைக்கிறது.

ஜோன்ஸின் காட்டேரிக்கும் ஒரு விதி உண்டு. எதைக் குடிக்கிறானோ மெல்ல அதுவாகவே மாறுவான். வெள்ளைக்காரர்களின் ரத்தத்தையே குடித்தால் வெள்ளைக்காரனாகிவிடுவான். தன் இனத்தவனாகவே இருக்க வேண்டுமென்றால் தன் இனத்தாரையே குடிக்க வேண்டும். ஓர் இனத்தை அழித்த பிறகு மிஞ்சியவன் எப்படி வாழ்வது என்ற கேள்வியைப் பல்லிலும் தொண்டையிலும் கொண்டுவந்து வைத்துவிட்டார். பக்கம் பக்கமாக எழுதும் வரலாற்று ஆசிரியர்களுக்குக்கூட இந்தக் கூர்மை வாய்ப்பதில்லை.

விளக்கம் சொன்னால் விலகிவிடும்

பிடிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். சில்வியா மொரேனோ கார்சியாவின் 'மெக்சிகன் காதிக்' (2020) பலருக்கு உயிர். 1950-களின் மெக்சிகோவில் ஆங்கிலேயச் சுரங்க முதலாளிகளின் மலைவீடு, அதன் ஈரச் சுவர்கள், மருமகளாகப் போனவளின் கடிதம் எல்லாம் அருமையாகத் தொடங்குகின்றன. பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வகைப் பூஞ்சை என்று தெரிகிறது. அது தெரிந்த நிமிடத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. பூஞ்சைக்கு மருந்தடிக்கலாம், தீ வைக்கலாம். சுரங்கத்தில் செத்துப் புதைந்த கூலிகள் கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விட்டார்கள்.

ஆர்.எஃப்.குவாங்கின் 'பேபல்' (2022) மேல் எனக்குக் கோபம் கலந்த பிரியம். 1830-களின் ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு வெள்ளிப்பாளத்தில் ஒரு சொல்லையும் வேறு மொழியில் அதற்கு ஈடான சொல்லையும் செதுக்கினால், மொழிபெயர்ப்பில் தவறிப்போகும் பொருள் மந்திரமாக வேலை செய்யும். என்ன ஒரு கற்பனை! படித்த அன்று முழுக்க நான் 'அணங்கு' என்ற சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெய்வம், பேய், அழகி, நோய், அச்சம், வருத்தம் எல்லாம் சங்கத் தமிழில் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எந்த மொழியில் எதை எதிரே செதுக்கினாலும் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். அப்படிச் செதுக்கிய பாளம் என்ன செய்யுமோ! நாவலாசிரியர்தான் தன் வாசகரை நம்பவில்லை. காலனி ஆட்சி கொடியது என்பதைக் கதை சொல்லிவிட்ட பிறகு அடிக்குறிப்பிலும் ஒருமுறை சொல்கிறார்.

ஆங்கிலத்தில் இப்போது மிக அதிகம் விற்பது காதலும் டிராகனும் கலந்த கதைகள். ரெபெக்கா யாரோஸின் 'ஓனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வெளிவந்த முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகள் போனது. மின்சார ரயிலில் நின்றபடி அதைப் படிக்கும் பெண்களைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கையில் புத்தகம் இருக்கிறதே. எனக்கு அந்த வரிசையில் ஒன்றுக்கு மேல் ஓடவில்லை. அங்கே சாவு ஒரு தேர்வு மாதிரி வந்துபோகிறது. செத்தவர்களை அடுத்த அத்தியாயத்தில் யாரும் நினைப்பதில்லை.

நீலியின் கண்ணீர்

செத்தவள் சபையில் வந்து நின்று நியாயம் கேட்பது தமிழுக்குப் புதிதில்லை. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழையனூரின் நீலி கதை எல்லோருக்கும் தெரியும். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் துரத்திக்கொண்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் சபைக்கு வருகிறாள். இவர் என் கணவர், என்னை வேண்டாம் என்கிறார் என்று அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவளை நம்பி, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது என்ன? 'நீலிக்கண்ணீர்' என்ற சொல். பொய்யழுகைக்கு அதைச் சொல்கிறோம். அவளைக் கொன்றது உண்மை. கொன்றவனைத்தான் அவள் துரத்தினாள். இத்தனை நூற்றாண்டுகளாக நம் வாய்மொழி கொன்றவன் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறது என்று தோன்றிய நாளிலிருந்து நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கிக்காவது ஒரு பீடமும் படையலும் கிடைத்தன. கொலையில் உதித்த தெய்வங்கள் என்றே நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் ஒரு வகை பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

நவீன எழுத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இன்றைக்கும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளப் பயமான கதை. அவர் கடைசிவரை அதை அவிழ்க்கவில்லை. அந்தத் துணிச்சல் பின்னால் வந்தவர்களில் பலருக்கு வாய்க்கவில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்களில் அமானுஷ்யத்தைப் பல லட்சம் வீடுகளுக்குக் கொண்டுபோனவர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவர் காலமான செய்தி வந்தபோது, 'விடாது கருப்பு' தொலைக்காட்சியில் ஓடிய இரவுகளில் தெருவே அடங்கிக் கிடந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கதையில் மனநோய் என்ற மருத்துவ விளக்கம் ஒன்று உண்டு. ஆனாலும் கருப்புக்குரிய இடத்தை அவர் கருப்புக்கே விட்டுவைத்தார். விளக்கமும் இருக்கட்டும், சாமியும் இருக்கட்டும் என்ற அந்த மனசு எங்கள் ஆச்சிகளின் மனசு. ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' போன்ற தொகுப்புகளில் குமரி மாவட்டத்து யட்சிகள் மலையாள வாசனையோடு உலவுகிறார்கள். நான் காத்திருப்பது இன்னொன்றுக்கு. கீழவெண்மணியில் 1968-ல் ராமையாவின் குடிசையில் எரிந்த 44 பேரில் ஒருவர் எழுந்து வந்து, நீதிமன்றம் எழுதிய தீர்ப்பைத் தானே வாசித்துப் பார்க்கும் ஒரு தமிழ்ப் பேய்க்கதைக்கு.

யாழ்ப்பாணத்துச் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், 2025-ல் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. 200-க்கும் மேல். அவற்றோடு ஒரு நீலநிறப் பள்ளிப் பை, ஒரு பொம்மை, ஒரு பால் போத்தல். அந்தப் படங்கள் வந்த வாரத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை. கடைசியில் கையில் எடுத்தது, முன்பே இரண்டு தடவை படித்திருந்த சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'.

2020-ல் வந்து, மறு ஆண்டு பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்ற சின்ன நாவல் அது. முடிவேயில்லாத மண்டபங்கள், அவற்றில் வரிசை வரிசையாகச் சிலைகள். கீழ்த்தளத்தில் கடல் ஏறி இறங்குகிறது. அங்கே தனியாக ஒருவன் இருக்கிறான். உலகத்தில் இதுவரை இருந்தவர்கள் மொத்தமே 15 பேர் என்று அவன் எழுதிவைத்திருக்கிறான். தான், அவ்வப்போது வந்துபோகும் இன்னொருவர், மீதி 13 எலும்புக்கூடுகள். அவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் தானே பெயர் வைத்திருக்கிறான். பிஸ்கட் டப்பா மனிதர். மடங்கிய குழந்தை. அவ்வப்போது அவர்களிடம் போய் உணவும் தண்ணீரும் வைக்கிறான், அல்லிப் பூ வைக்கிறான், பேசுகிறான். பெருவெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அந்த எலும்புகளை நனையாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். யார் சொல்லியும் இல்லை.

ஊரில் அந்தப் புளியமரம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். மரத்தை வாங்கிய அறுவை மில்லுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். அடிமரத்தை மேடையில் ஏற்றிய முதல் நாளே ரம்பத்தின் பல் உடைந்துபோனதாக அறுவைக்காரர் சொன்னார். வெளியே தெரிந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத்தான் ஏற்றினார்களாம். உள்ளே, பட்டை மூடி, வயிரத்துக்குள் போய்விட்ட ஆணிகள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பழைய பெயின்ட் டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார். முக்கால் டப்பா ஆணி. சதுரத் தலை வைத்த, கொல்லன் அடித்த பழைய ஆணிகளும் அதில் கிடந்தன. ஆச்சி இருந்திருந்தால் எது யாருடையது என்று சொல்லியிருப்பாள்.